அண்டாவில் விளைந்த தாமிரம்

சுத்தக்காரி என்று பெயர் எடுத்தவள் நான். அந்தச் சுத்தம்தான் ஒருநாள் ஹால் நிறைய ஆட்கள் பார்க்க என் மானத்தை வாங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். ஊரே களை என்று திட்டும் ஆகாயத் தாமரை, சாக்கடை கலந்த ஏரியிலிருந்து எவ்வளவு உலோகத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல தண்ணீர்த் தொட்டி இருந்த ஒரு நர்சரியிலிருந்தும் அதே செடியைக் கொண்டுவந்தேன். உலோகம் அளக்கும் மெஷின் வேறோர் இடத்தில் இருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அதில் கோட்டைவிட்டால் பட்டம் அம்போ.

செடிகளைப் பிளாஸ்டிக் டப்பில், லேபில் கொடுத்த தண்ணீரில் கழுவச் சொல்லியிருந்தார் என் கைடு மேடம். வீட்டில் இருந்த டப்பில் அப்பாவின் கிரீஸ் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. (அப்பாவுக்கு ஆடுகோடிப் பக்கம் லேத் பட்டறை வேலை.) பக்கத்தில் அம்மாவின் பித்தளை அண்டா, வெள்ளிக்கிழமைக்காகத் தேய்த்து வைத்தது, தகதகவென்று மின்னியது. சுத்தம் என்றால் இதுவல்லவா! முதலில் ஏரிச் செடி, பிறகு நர்சரிச் செடி என்று அதில் ஊறப்போட்டேன். சேறு விடவில்லை என்று கொஞ்சம் புளியும் கரைத்து ஊற்றினேன். அந்தப் புத்திசாலியை இப்போது கண்டால் காதைத் திருகுவேன்.

மெஷினில் அளந்து வந்த முடிவைச் சொல்லும் செமினாருக்கு அப்பா அரை நாள் லீவு போட்டு, சலவைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"ஏரிச் செடியில் தாமிரம் குவிந்து கிடக்கிறது!" என்று முழங்கினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நர்சரிச் செடியிலயும் அதே அளவு இருக்கே, கலா?"

"காத்துல வந்திருக்கும், மேடம்."

"எதுல கழுவின?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பித்தளை அண்டாவுல மேடம். புளி போட்டு."

ஹாலே சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அப்போதுதான் அப்பா எழுந்தார்.

"மேடம், பித்தளையில பாதிக்கு மேல தாமிரம்தான், புளி பட்டா கரைஞ்சு இறங்கிடும். அப்ப எம் பொண்ணு அளந்தது கரெக்ட்தானே?"

மேடத்துக்கே சிரிப்பு தாங்கவில்லை. "அளந்தது கரெக்ட்தான் சார்" என்று சொல்லி, மெஷினில் இன்னொரு நாள் வாங்கித் தந்தார்.

அப்பா புது டப் வாங்கி வந்தார். இந்த முறை நர்சரிச் செடி சுத்தமாக இருந்தது. ஏரிச் செடியின் வேரில் ஈயமும் துத்தநாகமும் ஏறிக் கிடந்தன. தேறினேன். அன்றைக்கு அப்பா நடந்த நடையைப் பார்த்தவர்கள் அவருக்குத்தான் பட்டம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, என்னைவிட அவரை நினைத்து.

என் கல்யாணச் சீரில் அந்த அண்டாவும் வந்தது. "மாப்ள, இது ஆராய்ச்சி பண்ண அண்டா" என்று அப்பா முழுக் கதையையும் மேடையிலேயே சொல்லிவிட்டார். இன்றுவரை, ரசத்துக்கு நான் புளி கரைத்தால், என் கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "எந்தப் பாத்திரம்?" என்று கேட்காமல் சாப்பிட உட்காருவதில்லை.