பூரணி வேண்டாமென்ற விமானம்

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் எனக்கு ரோஷம் வந்தது ஒரே ஒரு நாள்தான். அந்த ரோஷத்தில் ஓர் ஆகாய விமானத்தை வாங்கித் தொலைத்தேன்.

நான் ஜேசுதாசன். விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம். மனைவி ஞானபூரணி பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை. வீட்டிலும் அதே உத்தியோகம்தான். மூன்றாம் வகுப்புக்குக் கட்டடம் கட்டித் தரும்படி ஆறு மாதமாக நச்சரித்தாள். வத்தல் விலை சரியில்லையென்று நழுவிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு காலையில், பேப்பர் படித்தவள் தலையிலடித்துக்கொண்டாள்.

"ஓடி ஓஞ்ச டக்கோட்டா ஏரோப்ளேனை மெட்ராஸ்ல ஏலம் விடுதாகளாம். எந்தக் கிறுக்கன் வாங்குவானோ! நீங்க அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது."

"ஏன், பாத்தா என்ன?"

"வேண்டாம். அதெல்லாம் உங்களால முடியாது."

முடியாதாமே! அன்றைக்கே ரயிலேறினேன். போட்டிக்கு ஆளே இல்லை. ஏலம் எனக்கே விழுந்தது. அது இனிப் பறக்காதுதான். ஆனால் விமானி இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பதை ஊர் பார்க்குமே!

றெக்கைகள் பின்னால் வேறு லாரியில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. மொட்டை விமானத்தோடு ஊருக்குள் நுழைந்தேன். ரயில்வே கேட்டில் கூட்டம் கூடிவிட்டது.

"ஏலே, எம்புட்டுப் பெரிய ராக்கெட்டு!" என்று வாயைப் பிளந்தார் லோடுமேன் உக்கிரபாண்டி. "எந்தப் பட்டாசுக் கம்பெனி சரக்கு அண்ணாச்சி? தீவாளி ஆர்டரா?"

போலீஸ்காரர் பக்கத்தில் பீடி குடித்தவர்களை விரட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"வெடிமருந்து லைசென்ஸ் எடுங்க."

"ஐயா, இது விமானம்!"

"றெக்கை எங்க?"

லாரியைச் சுற்றித் தண்ணீர் வாளி வைத்து, சோதித்து முடிக்க ஒரு மணி நேரமானது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டு வாசலில் பூரணி. திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வந்துட்டீகளா? காப்பி குடிங்க. டிரைவர், வண்டிய நேரா பள்ளிக்கூடத்துக்கு விடுங்க. மூணாம் வகுப்புப் பிள்ளைக மரத்தடியில கெடந்து வேகுது."

"பூரணி, இது என் விமானம்!"

"யாரு இல்லைன்னது? உங்க பேரையே எழுதி வச்சிருவோம்."

மறுநாள் ஆசையோடு போனேன். விமானி இருக்கையில் ஆரோக்கியம் டீச்சர்.

"பாடம் நடக்கு. அப்புறமா வாங்க."

நியாயம் கேட்கத் தலைமை ஆசிரியை அறைக்குள் நுழைந்தேன். பூரணி இல்லை. மேசைமேல் பள்ளித் தாளாளருக்கு அவள் எழுதிய கடிதத்தின் நகல் கிடந்தது.

"மூன்றாம் வகுப்புக் கட்டடம் அடுத்த மாதம் லாரியில் வந்துவிடும். வாங்கப்போகிறவரிடம் 'வேண்டாம்' என்று நான் இன்னும் சொல்லவில்லை."

தேதியைப் பார்த்தேன். எனக்கு ரோஷம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால்.