சகோதரர் டெஸ்மண்டின் பச்சை வளையம்

டிசம்பர் அங்கே கொளுத்தும் கோடை. அது பிறந்தால் குரும்பீனா ஊருக்குள் இரண்டு வருவது வழக்கம். ஒன்று ஈ, மற்றது காட்டுத்தீ எச்சரிக்கை. அந்த வருஷம் மூன்றாவதாக டெஸ்மண்ட் வந்தார்.

சகோதரர் டெஸ்மண்ட் என்றுதான் சொல்ல வேண்டுமாம். யாருக்குச் சகோதரர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஊர் மண்டபத்துக்குப் பக்கத்தில் தன் கேரவனை நிறுத்தினார். திரையை இழுத்து மூடிக்கொண்டு, பிளாஸ்டிக் இலையில் பச்சை வளையம் செய்தார். தெருவாசல் கதவில் மாட்டினால் அந்த வீட்டை நெருப்பு அண்டாதாம். அறுபது டாலர். கிறிஸ்துமஸுக்கு எப்படியும் வாங்குகிற வளையம், கூடவே வீடும் தப்பினால் கசக்குமா? பெட்ரோல் பங்க் வரை வரிசை நின்றது.

அற்புதம் இனிமேல்தான். மத்தியானம் மூன்று மணியானால் ரயில்வே தெருவில் ஒரு வரிசை வீடுகளின் வளையங்களிலிருந்து இலை உதிரும். ஓர் இலை விழுந்தால் ஓர் ஆபத்து விழுந்தது என்றார் சகோதரர். வளையம் மொட்டையானால் புதுசு வாங்க வேண்டும். எதிர்வரிசை வீடுகளில் மட்டும் ஓர் இலைகூட உதிரவில்லை. "உங்க பக்கம் ஆபத்தே வரலம்மா, குடுத்து வச்சவங்க நீங்க" என்று அவர்களுக்கும் ஆசி கிடைத்தது. எப்படிப் போட்டாலும் தாயம் அவருக்கே!

கிளெனிஸுக்கு மட்டும் கண் கூரைமேலேயே இருந்தது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்ப்பவள், முழங்கால் மடங்காததால் ஏணி ஏற முடியாதவள். வருஷா வருஷம் நவம்பரில் அவள் புருஷன் மெர்வ் ஏணி போட்டு ஏறி, கூரையோரத் தகரக் கால்வாயில் அடைந்த யூகலிப்டஸ் சருகை அள்ளிப் போடுவான். இந்த வருஷம் ஏறவில்லை. ஓடைக்கு அப்பால் குன்று ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது.

"யோவ் மெர்வ், ஏணிய எடுய்யா. போன வருஷம் தெருக்கோடி டாட் வீடு எப்படி எரிஞ்சு போச்சு? காத்துல பறந்து வந்த ஒரே ஒரு பொறி, சருகுல விழுந்துச்சு. அவ்வளவுதான்."

"அவன் கதவுல வளையம் இருந்துச்சா?"

"நம்ம கதவுல இருக்கே, அது போய்ச் சருகு அள்ளுமா?"

"எதத்தான் நம்பியிருக்க நீ?" என்று மெர்வ் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான்.

அழுகை வந்தது அவளுக்கு. வீடு எரிந்தால் வளையத்தோடு சேர்ந்துதான் எரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலைக் கூட்டினாள். உதிர்ந்த இலை ஒன்று விரலில் ஒட்டியது. காம்பில் பிசுபிசுவென்று நூல் இழுத்தது. பள்ளி நாடகத்துக்கு எத்தனையோ கிரீடம் ஒட்டிய கைக்கு அந்த நூல் தெரியாதா? சூடாக்கி ஒட்டுகிற பசை அது. கதவைத் தொட்டாள். மேற்கு வெயிலில் தோசைக்கல்லாய்க் கொதித்தது. எதிர்வரிசைக் கதவுகள் கிழக்கே பார்த்து நிழலில் சுகமாக இருந்தன.

சனிக்கிழமை மண்டபத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. கிளெனிஸ் தன் கையால் செய்த வளையத்தோடு வந்தாள். துணி மாட்டும் கம்பியை வளைத்து, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இலையைச் சுற்றியது. கொண்டுபோய் மண்டபத்தின் குப்பைத்தொட்டியில், வெயில் பார்த்த பக்கமாக மாட்டினாள்.

"குப்பைத்தொட்டிக்கு என்னடி ஆபத்து?" என்று பக்கத்து வீட்டு லோர்னா சிரித்தாள்.

"இதுல பாதி இலை பசையில ஒட்டினது, பாதி கம்பியில கட்டினது. எது விழுதுன்னு பாருங்க."

மூன்றரைக்குள் பசைப் பக்கம் மொட்டை. கம்பிப் பக்கம் ஓர் இலைகூட அசையவில்லை.

"விசுவாசமில்லாத கை செஞ்சது..." என்று இழுத்தார் சகோதரர்.

"விசுவாசம் இல்லாமலே விழுந்துடுச்சே! வர்ற ஆபத்து பசை எது, கம்பி எதுன்னு பார்த்துட்டா வருது?" என்றாள் கிளெனிஸ்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மெர்வ் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, விறுவிறுவென்று போய்க் கேரவன் திரையைப் பிடித்து இழுத்தான். பெட்டி பெட்டியாய்ப் பிளாஸ்டிக் இலை, சூடு ஆறாத பசைத் துப்பாக்கி. ஊரைக் காக்கும் வளையத்தில் ஒன்றுகூட அவர் கதவில் இல்லை. அங்கே தொங்கியது புத்தம்புதுத் தீயணைப்பான்.

"உனக்கு மட்டும் இதா?" என்றான் மெர்வ்.

ஐந்து மணிக்குள் கேரவன் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மெர்வ் ஏணியைச் சாத்தினான். கிளெனிஸ் கீழே பிடித்துக்கொண்டாள். அவள் தலைமேலேயே சருகு கூடை கூடையாய்க் கொட்டியது. தலையை உதறிக்கொண்டு ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மெர்வ் வேலை முடித்து இறங்கியபோது வேலிக்கு அப்பாலிருந்து லோர்னா எட்டிப் பார்த்தாள். "ஏன் கிளெனிஸ், அந்தக் கம்பி கட்டின வளையம் உதிராம நிக்குதே, அதுக்குத்தான் நிஜமா சக்தி இருக்கோ? எனக்கொண்ணு செஞ்சு தாயேன்."

கிளெனிஸ் அண்ணாந்து லோர்னாவின் கூரையைப் பார்த்தாள். சருகு பொங்கி வழிந்தது.

"செஞ்சு தரேன் லோர்னா, அழகா இருக்கும், மாட்டிக்கோ. ஆனா நெருப்பு வாசக்கதவத் தட்டிட்டு வராது, கூரை வழியா வரும். வளையத்த வச்சுக்கிட்டு மூளைய மொட்டையடிச்சுக்காத. இந்தா, ஏணியப் பிடி."