ஜவுளிக்கடைக்குப் போன நாற்காலி

வேலைக்குச் சேரும் இளவட்டங்களுக்கு என்னதான் வேண்டும் என்று இப்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் அறுபதுகளிலேயே சொல்லியிருப்பேன்: உட்கார ஓர் இடம், கூப்பிட ஒரு பெயர். சொல்லவும் செய்தேன். வினையே அதுதான்.

அப்போது தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை நிற்க வேண்டும். (ஈயைக்கூட நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும்.) கோமதிநாயகம் என்று அப்பா ஆசையாய் வைத்த பெயர் முதலாளி வாயில் ஒருநாளும் வந்ததில்லை. எல்லோரும் ‘ஏலே’தான். அம்மா ‘ஏலே’ என்றால் சோறு தயார் என்று அர்த்தம். இந்த ஆள் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைவிட மிக மூத்தவரான இசக்கி அண்ணாச்சிக்கும் அதே ‘ஏலே’. நின்று நின்றே அவருக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முதலாளி எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். உல்லாசப் பயணமாம்! இருந்த ஒரு லீவும் போயிற்று. அவருக்கும் அவர் மைத்துனர்களுக்கும் எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் எங்களுக்கு உல்லாசம். ஒரு மைத்துனரின் முதுகு ரதவீதி அகலம். தேய்க்கத் தேய்க்க எனக்குள் கொதித்தது. பேரருவியில் முதலாளி பக்கத்தில் போய் நின்று கத்தினேன்.

“மொதலாளி! ஆள் இல்லாதப்போ நாங்க உக்காரணும்! பேரச் சொல்லிக் கூப்பிடணும்!”

அவர் கண்ணை மூடியபடி, “சரி! சரி!” என்று தலையாட்டினார்.

ஜெயித்துவிட்டேன்! திரும்பும் வழியில் அண்ணாச்சியிடம் சொன்னபோது, “நெசமாவாலே சொல்லுத?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள், மேலகரத்தில் எங்கள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய், கடையில் போட்டு உட்கார்ந்தேன்.

“என்னலே இது?” என்றார் முதலாளி.

“நாற்காலி, மொதலாளி. நேத்து அருவில சரின்னு சொன்னியள்லா?”

“அருவிக்குள்ள எவனுக்குலே காது கேக்கும்? தண்ணி நல்லா விழுதான்னு கேக்கன்னுல்லா நெனச்சேன்!”

கடையே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். (முதலாளி சிரித்தால் சிரிப்பதும் அங்கே வேலைதான்.) அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து செங்கோட்டைக்காரர் ஒருவர் துணி எடுக்க வந்தார். முதலாளி என்னை எழுப்பிவிட்டு அவரை என் நாற்காலியில் உட்காரவைத்தார்.

“ஏலே, வேட்டி எடுத்துக் காட்டு.”

“எம்பேரு கோமதிநாயகம்! ஒம்ம வேட்டிய நீரே காட்டும்!”

வீராவேசமாக வெளியே வந்து, மேலகரம்வரை சைக்கிளை மிதித்த மிதியில் செயின் அறாதது அதிசயம். வாசலில் அப்பா கேட்டார்: “நாற்காலி எங்கலே?”

திரும்பப் போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அப்பா அதன்பின் தரையில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தார். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் பார்ப்பேன்: யாராவது ஒரு வாடிக்கையாளர் அதில் சாய்ந்திருப்பார், பக்கத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருப்பார்.

சமீபத்தில் பெங்களூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். மேலதிகாரி மரியாதை இல்லாமல் பேசினாராம், வேலையை விட்டுவிட்டாளாம். ‘சபாஷ்’ என்று நான் வாயெடுப்பதற்குள் என் மனைவி போனைப் பிடுங்கினாள்.

“ஏட்டி, நாற்காலிய எடுத்துட்டு வந்துட்டியா?”

வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அது நல்ல தேக்கு.