சாவிக்கொத்து அண்ணனும் இரண்டு வாசல் வீடும்

தன்னிடம் இருக்கும் சாவிகளில் எது எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமலே ஊர் முழுக்க வீடு காட்டிப் பிழைக்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். மதுரையில் நாலைந்து நாள் தங்க வீடு வேண்டும் என்று யாரைக் கேட்டாலும், "சாவிக்கொத்து அண்ணனைப் பாருங்க" என்பார்கள். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். இடுப்பில் தேங்காய் பருமனுக்கு ஒரு கொத்து. அவர் மொபெட் தெருமுனை திரும்பும் முன்பே சாவிச் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும்.

சென்னையில் இருந்த நான் அவரிடம் மாட்டியது என் மகளின் காதுகுத்தால். குலதெய்வம் கோயில் மதுரைக்கு மேற்கே இருக்கிறது. என் மனைவிக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவர் தேனியில், சின்னவர் தூத்துக்குடியில். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு பிளெக்ஸ் பேனர். ஏதோ ஒரு கல்யாணத்தில் தம்பியின் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, அண்ணனின் படத்தை ஓரத்தில் வட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பந்தியிலிருந்து எழுந்த பெரியவர் தம்பி இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு தாய்மாமனும் வராம என் மகளுக்குக் காதுகுத்தே வேணாம்" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி.

"லாட்ஜில் ஆளுக்கொரு ரூம் போட்டுவிடலாமே?"

"தாய்மாமன் சீர் லாட்ஜ் வாசல்லருந்தா கெளம்பும்? நல்லாருக்கு!"

ஆகவே வீடு. முதலில் போனில் தேடினேன். வைஃபை உண்டா, ஏசி உண்டா, நாய் வளர்க்கலாமா என்று எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கக் கட்டம் இருந்தது. இரண்டு மச்சான்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தங்க முடியுமா என்று கேட்க மட்டும் கட்டம் இல்லை. சாவிக்கொத்து அண்ணனிடமே போனோம்.

"முன்வாசல் ஒருத்தருக்கு, பின்வாசல் ஒருத்தருக்கு. அம்புட்டுத்தானே மாப்ள? வாங்க, காட்டுறேன்" என்றார்.

திருநகரில் ஒரு வீட்டு வாசலில் நின்று சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் ஒன்று திறந்தது. உள்ளே ஒரு குடும்பம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. குடும்பத் தலைவர் பதறவே இல்லை.

"வாங்கண்ணே. நீங்க காட்ட வேண்டியது பக்கத்து வீடு. போன வாரமும் நம்ம வீட்டத்தான் தெறந்தீக."

"அதானே பாத்தேன், வாசம் தூக்குதேன்னு!" என்றார் அண்ணன். எங்களுக்கும் இட்லி வந்தது. கடைசிவரை என் மனைவிக்குப் பிடித்த வீடு அதுதான். அங்கே ஆள் குடியிருப்பதை அவளுக்கு இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது.

அடுத்து பசுமலை. மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் ஒருவருக்கு. ஆனால் குளியலறை கீழே மட்டும்தான்.

"மாடியில இருக்கவரு எறங்காம இருந்தாப் பிரச்சன இல்ல மாப்ள."

"குளிக்க வேண்டாமா அண்ணே?"

"அதுவும் சரிதான்" என்று என்னை மெச்சுகிற மாதிரி பார்த்தார்.

சிம்மக்கல்லில் கிடைத்தது நாங்கள் தேடிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு சந்தில். நடுவில் கதவு போட்ட சுவர். பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. பின்வாசல் சாவி எங்கே என்றதற்கு, "இந்தக் கொத்துலதான் இருக்கு. எங்க போயிரும்?" என்றார்.

காதுகுத்துக்கு முந்தின நாள் காலை. பெரிய மச்சான் பெட்டி படுக்கையோடு முன்வாசலில் இறங்கினார். திட்டப்படி சின்ன மச்சான் பின்சந்தில் நின்றார். அண்ணன் முன்கதவில் சாவிகளைப் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. இடுக்கு வழியாக ஓடிப் பின்கதவில் பார்த்தார். அதுவும் திறக்கவில்லை. முன்னுக்கும் பின்னுக்குமாக ஓடியதில் எந்தச் சாவியை எந்தக் கதவில் போட்டோம் என்பது அவருக்கும் மறந்தது, எண்ணிக்கொண்டிருந்த எனக்கும் மறந்தது. வெயில் ஏறியது. சீர் தட்டுக்கு வாங்கிய மல்லிகைப்பூ வாடத் தொடங்கியது. இருவரும் கோபித்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுவார்களோ என்று என் மனைவி அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

கடைசியில் அண்ணன் கொத்தைப் பிரித்தார். பாதியைப் பெரியவர் கையில் திணித்தார், மீதியைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சின்னவரிடம் கொடுத்தார். "ஆளுக்கு ஒரு கதவு. போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்!

பெரியவர் வேர்க்க விறுவிறுக்கப் போராடினார். பிறகு பொறுமை இழந்து இடுக்கைப் பார்த்துக் கத்தினார்: "இங்க ஒண்ணும் சேரலப்பா! அங்க எப்படி?"

பின்னாலிருந்து உடனே பதில் வந்தது: "இங்கயும் இல்லண்ணே!"

குரலைக் கேட்டதும்தான் இருவருக்கும் யாரிடம் பேசினோம் என்று உறைத்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "நீட்டுச் சாவி ஏதும் இருந்தாக் கொண்டாடா" என்றார்.

இடுக்கில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் சுண்ணாம்பாகச் சின்னவர் வெளியே வந்தார். பெரியவர் தம்பியின் தோளைத் தட்டித் தட்டிச் சுண்ணாம்பை உதறினார். தேவைக்கு அதிகமாகவே உதறினார். நீட்டுச் சாவியும் சேரவில்லை. இருவரும் சேர்ந்து கதவை ஒரு முட்டு முட்டினார்கள். திறந்துகொண்டது. கதவு பூட்டியே இருக்கவில்லை. மழையில் ஊறி நிலையோடு இறுகிப் போயிருக்கிறது.

டீயோடு வந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். "பூட்டலையா? அதான் எந்தச் சாவியும் சேரல!"

மறுநாள் பெரியவர் மடியில் வலது காது, சின்னவர் மடியில் இடது காது. என் மகள் இரண்டு மடியிலும் பாரபட்சமில்லாமல் அழுதாள். கோயில் வாசலில் நின்ற பிளெக்ஸில் இரண்டு மாமன்களும் ஒரே அளவில் சிரித்தார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது சாவிக்கொத்து அண்ணனைத் தனியே கூப்பிட்டேன். "நெசமாச் சொல்லுங்கண்ணே. தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"எத மாப்ள?" என்றார். அவர் அப்போது மொபெட் சாவியைக் கொத்தில் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு இன்றுவரை குழப்பம் தீரவில்லை.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக மறுபடி மதுரை போனோம். வீட்டைப் போனிலேயே பிடித்துவிட்டேன். படத்தில் இருந்தபடியே வீடு இருந்தது. வாசலில் நம்பரை அழுத்தியதும் கதவு திறந்தது. என் மனைவி உள்ளே வராமல் பையோடு நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பொசுக்குனு தெறந்துருச்சே."

போனை எடுத்து சாவிக்கொத்து அண்ணனை அழைத்தேன். "அடுத்த தடவைக்கு ஒரு வீடு பாத்து வைங்கண்ணே. தெறக்க நேரமானாலும் பரவாயில்ல, நீங்க வாசல்ல நிக்கணும்."