ஜன்னலுக்கு வாங்கிய இடைக்காலத் தடை

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, உன் பெரிய தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் சின்னவனும் நலம். ஒரே சுவருக்கு இருபுறமும் ஒருவரோடொருவர் பேசாமல் நலமாக இருக்கிறோம். உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், அப்பா பாகம் பிரித்துக் கொடுத்த வீட்டில் என் அடுப்படிக்கும் சின்னவன் வேலை செய்யும் அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருக்கிறதல்லவா, அதைச் செங்கல் வைத்து அடைக்கப்போவதாகக் கிளம்பிவிட்டான். பல்செட் செய்கிறவனுக்கு வாடிக்கை பெருகிவிட்டதாம், பல் அச்சுகளை அடுக்க அலமாரி வேண்டுமாம், அலமாரிக்குச் சுவர் வேண்டுமாம். மற்ற மூன்று சுவர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "அங்கெல்லாம் மிஷின் இருக்கு, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றான். நாற்பது வருடம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவனைக் கேட்கிற கேள்வியா இது? கொத்தனார் செங்கல் இறக்கிய அன்றே வக்கீலம்மாவிடம் போய் நின்றேன்.

"தடை வேணும்னா, ஈடுசெய்ய முடியாத இழப்புன்னு காட்டணும் சார். பின்னாடி காசு குடுத்துச் சரிக்கட்டிடலாம்னா நீதிபதி தடை தரமாட்டார்" என்றார். நானும் யோசித்து யோசித்து வெளிச்சம், காற்று, அடுப்புப் புகை என்று எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டில் சின்னவனின் வக்கீல் எழுந்து, "வெளிச்சத்துக்கு ஒரு பல்பு, காத்துக்கு ஒரு ஃபேன், புகைக்கு இன்னொரு ஃபேன். என் கட்சிக்காரர் நாளைக்கே வாங்கித் தருவார்" என்றாரே பார்க்கலாம், என் வழக்கு அங்கேயே இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "பெரியவரே, காசால ஈடுகட்ட முடியாதது வேற ஏதாவது இருக்கா?" என்றார். வக்கீலம்மா என் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, என் வீட்டுக்காரி போனதிலேருந்து தினமும் காலைல ஏழு மணிக்கு இவன் அந்த ஜன்னலைத் தட்டி, 'இருக்கியா?'ன்னு கேப்பான். 'இருக்கேன்டா'ம்பேன். சண்டை வந்தப்புறம் கேக்கறதில்ல, ஆனா தட்டறான். நானும் திருப்பித் தட்டறேன். செங்கல் வச்சுட்டா எங்கய்யா தட்டறது? ஃபேன் கேக்குமா, இருக்கியான்னு?"

சின்னவன் விருட்டென்று எழுந்தான். "ஐயா, போன வாரம் ஒரு நாள் இவன் திருப்பித் தட்டல. ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். குளிக்கப் போயிருக்கான்! எனக்கு உயிரே போயிடுச்சு!"

"அப்புறம் ஏன்யா அடைக்கறீங்க?"

"அலமாரி வைக்க இடமில்லையே ஐயா!"

நீதிபதி கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு உத்தரவிட்டார்: ஆறு வாரத்துக்கு அந்தச் சுவர் இருக்கிறபடியே இருக்க வேண்டும், இருவரும் அதில் ஒரு செங்கலை வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு சீட்தான் காலி. சின்னவன் என்னைப் பார்க்காமல், "உட்காரு" என்றான். உட்கார்ந்தேன். அவன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அதற்காக நான் இறங்கி வந்துவிட்டதாக நினைக்காதே அக்கா. ஜெயித்தவன் நான். சமாதானம் பேச நீ மூட்டுவலியோடு அலைய வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், பேத்திக்கு என் ஆசி, எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெரிய தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சின்னவன் கொத்தனாரோடு வந்து நின்றான். அலமாரி என் கூடத்துக்கு வருகிறது, ஜன்னலை இடித்துக் கதவாக்கிவிடலாம் என்று முடிவாகிவிட்டது. கொத்தனார் சுத்தியலை ஓங்கினார்; "தடை இருக்குய்யா!" என்று நான்தான் கத்தினேன். இப்போது அந்தத் தடையை நீக்கச் சொல்லி இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டுமாம். அதுவரை தெருவைச் சுற்றித்தான் போய்வர வேண்டும். இன்றைக்கு மட்டும் சின்னவன் மூன்று தடவை சுற்றி வந்துவிட்டான். நீ உடனே புறப்பட்டு வா.