பின்னறை இறங்கியது பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது முறை. இங்கே நலம் இல்லாததால் ஆவலை மட்டும் அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நம் பின்னறை அரையடி கீழே இறங்கியது. உங்கள் மாமியார் அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரி அவள்மேல் சாய்ந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்துவிட்டது, இனி நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் பேனாவைத் தேடுகிறார். தராசுகளுக்கு முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவன் நான். படிக்கல்லைக் கையில் தூக்கிப் பார்க்காமல் நம்பாதவன், போயும் போயும் உங்கள் கம்ப்யூட்டரை நம்பினேன். வீட்டுக்கடியில் வெறும் மணல் என்றீர்கள், பின்னறைத் தரையில் பன்னிரண்டு குழாய் இறக்கி நுண்ணுயிர்களை ஊற்றினீர்கள், அவை சுண்ணாம்பை உண்டாக்கி மணலோடு மணலை ஒட்டிவிடும் என்றீர்கள், திரையில் மணல்மணிகள் கோலிக்குண்டுகளாகக் கிடந்தன, நடுவில் நீலப் பசை வளர்ந்தது, மேலே எங்கள் வீட்டை வைத்து அழுத்தினீர்கள், அசையவில்லை, இன்னொரு மாடி ஏற்றினீர்கள், அப்போதும் அசையவில்லை, "நூறு வருஷம் நிக்கும் மாமா" என்றீர்கள். திரையில் உள்ள வீடு இன்னும் நிற்கிறது என்று மகள் சொன்னாள். அதில் கட்டில் போட முடியுமா?

கணக்கில் தவறிவிட்டேன் என்று நீங்களே ராஜினாமா எழுதி வைத்திருப்பதாகவும், மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றும் கேள்வி. விட்டுவிடுவதே நல்லது, சாப்பாட்டை அல்ல, வேலையை. "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க, படிச்சவங்களுக்கும் தப்பு வரும்" என்கிறாள் உங்கள் மாமியார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

உங்களுக்கும் மகளுக்கும் நீண்ட ஆயுளும் இறங்காத தரையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: இதைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீங்கள் ஊற்றிவிட்டுப் போன மறுநாளே பின்னறையில் மூத்திர நாற்றம். நுண்ணுயிர்கள் வேலை செய்தால் அப்படித்தான் நாறும், பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மாமியார் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பன்னிரண்டு குழாயிலும் பினாயில் ஊற்றினேன், மூன்று கேன். நாற்றம் உடனே நின்றது, கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன், நாற்றத்தோடு உங்கள் நுண்ணுயிர்களும் செத்தது அப்போது உறைக்கவில்லை. உங்கள் கணக்கில் தவறே இல்லை மாப்பிள்ளை. பினாயில் விஷயம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, உங்கள் மாமியாருக்கும் தெரியாது. ராஜினாமாவைக் கொடுத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவளிடம் சொல்லிவிடுவேன்.