உப்புக்காத்துல வந்த கடுகு

சபதம் போட்டுட்டேன். "ஏளா பிளாரன்ஸ், இந்தக் கல்லறைத் திருநாளுக்கு நம்ம பியட் காருலதான் போறோம். நான்தான் ஓட்டுவேன். இது சத்தியம்!"

எம் பொஞ்சாதி மீன் கழுவிக்கிட்டே, "சரிங்க"ன்னா. அவ மறுபேச்சில்லாம சரின்னா நான் பயந்திருக்கணும். எனக்குத்தான் புத்தி மட்டாச்சே.

அனிஷ் எங்களுக்கு ஒத்தப் பிள்ளை. கடல் கொண்டு போயி, உடம்பை மட்டும் திருப்பிக் குடுத்துட்டு. அந்தப் பழைய பியட்டை அவனும் நானுமா கழத்தி மாட்டி ஓட வச்சோம். போன வருசம் துறைமுக ரோட்டுல தலை கிறுகிறுத்து, வண்டியோட உப்பளத்துக்குள்ள இறங்கிட்டேன். இனி ஸ்டியரிங்கைத் தொடாதீருன்னாரு டாக்டரு. அவரு வச்சிருக்கது கியரே இல்லாத காரு. அவருக்கு என்ன தெரியும்?

சபதம் போட்ட மறுநாளே சிவப்பு விளக்கு எரிஞ்சுது. எஞ்சின் ஓடுதப்ப டைனமோ பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தணும். ஏறலேன்னா அந்த விளக்கு அணையாது. பெல்ட்டை இறுக்கினேன். டைனமோவுக்குக் கார்பன் மாத்தினேன். பேட்டரியே புதுசு போட்டேன். எதைத் துடைச்சு வச்சாலும் அணையல, தினமும் முழிச்சுப் பாக்கும், பிசாசுக் கண்ணு மாதிரி.

"என்னதாம்ளா கோளாறு இதுக்கு?"

"உப்புக்காத்துங்க."

"தினமும் தேய்ச்சு வைக்கேனே!"

"கடலு உங்க பேச்சைக் கேக்குமாக்கும்? நான் நவநாளுக்குப் போயிட்டு வாரேன்."

எங்க ஊர்ல எது கெட்டாலும் உப்புக்காத்து தலையிலதான் பழி. ஜன்னல் கம்பியையே தின்னுத காத்து, டைனமோவை விடுமா? நம்பிட்டேன். நவநாள்னா ஒம்பது நாளு. இவ ரெண்டு மாசமாப் போனா. புருசன் உசுருக்காக இப்படி ஜெபிக்காளேன்னு எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

திருநாள் காலையில, டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்க, அதுவரைக்கும் நான் கை வைக்காத கட்-அவுட் பெட்டியைத் திறந்தேன். உள்ள பொடி உப்பு. உப்புக்குள்ள ஒரு கடுகு.

கடக்காத்து உப்பு கொண்டாரும். தாளிக்கவுமா செய்யும்?

"பிளாரன்ஸ்! இது என்னளா?"

"கடுகு."

"நீதானா?"

"நாந்தான். தினமும் ஒரு சிட்டிகை." அவ குரல் உடைஞ்சுட்டு. "ஒரு குழிக்குப் பூ வாங்கவே நெஞ்சு தாங்க மாட்டேங்கு. ரெண்டு குழிக்கு யாரு வாங்க?"

எனக்கும் அழுகை முட்டிட்டு வந்துட்டு. ஆனாலும் ஆம்பளைல்லா, விட்டுக்குடுக்க முடியுமா?

"அப்போ பிள்ளை வண்டி இங்கன கெடக்க, பிள்ளையைப் பாக்க ஆட்டோவுலயாளா போறது?"

அவ முந்தானையால உப்பைத் துடைச்சா. அதே முந்தானையால கண்ணைத் துடைச்சா. என் சட்டைப்பையில இருந்து சாவியை உருவி, ஸ்டியரிங்குக்கு முன்னால உக்காந்தா. ஒரே திருகு. வண்டி கிளம்பிட்டு. சிவப்பு விளக்கு அணைஞ்சுட்டு.

"ஏளா! லைசென்ஸு?"

"ரெண்டு மாசம் நவநாளுக்குப் போனேன்லா? கெடச்சுட்டு."

அந்தப் பக்கம் போயி முன்கதவைத் திறந்தேன்.

"அங்க அனிஷுக்குப் பூ இருக்கு. நீங்க பின்னாடி ஏறுங்க."